திக்கென்றது, கால் நகரவில்லை

சென்ற வாரம் அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். பையனுக்கு ஓசூரில் வேலை, வயது இருபத்தெட்டு. வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, காலில் விழுந்து எழுந்து, காபியைக் குடித்துவிட்டு, "கெணத்துல தண்ணி எவ்ளோ நிக்குது சித்தப்பா?" என்று கேட்டபடி கொல்லைப் பக்கம் நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். அந்தக் கிணற்றடியில் அவனைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. பெரியம்மா போன பிறகு எனக்கு மட்டும்தான் தெரியும்.

சந்தூர் பக்கம் மாஞ்செடி நர்சரி வைத்திருக்கிறேன். அப்பா போட்டது. 1998 ஜூன் மாதம், நான் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குக் காத்திருந்தேன். அந்த மாதங்களில் எங்களுக்கு வேலை என்றால் மாங்கொட்டைதான். மாங்கூழ் பேக்டரிகளிலிருந்து லாரியில் கொட்டை வந்து குவியும். கழுவி, நிழலில் பரப்பி, நல்லதாகப் பொறுக்கிப் பாத்தியில் பதிக்க வேண்டும். நாள் கடத்தினால் முளைப்பு போய்விடும். ஈயும் புளித்த வாடையும் சகிக்க முடியாது. பெரியம்மாவும் நாலைந்து பெண்களும் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். புளியமரத்தடியில் சாக்கு விரித்து, தவழ்கிற குழந்தையை விட்டிருந்தார்கள். நான் மோட்டார் ரூம் படியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணறு என்றால் பாறையை வெட்டி இறக்கியது. வாய் அகலம், ஆழம் அதிகம், தண்ணீர் கொஞ்சம். இதற்கு அப்போது கைப்பிடிச் சுவரும் கிடையாது.

நிமிர்ந்து பார்த்தபோது குழந்தை சாக்கில் இல்லை. கிணற்று விளிம்புக்கு இரண்டு முழ தூரத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அடிவயிற்றில் 'திக்' என்றது. எழுந்துவிட்டேன். அதற்குமேல் கால் நகரவில்லை. பயந்துபோய் நிற்கவில்லை, யோசித்துக்கொண்டும் நிற்கவில்லை. நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

பெரியம்மா கொட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். என்னைவிட மூன்று பங்கு தூரம். அவள் கத்தவில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, குழந்தையின் அரைஞாண் கயிற்றில் விரலை மாட்டி அப்படியே தூக்கினாள், பூனை குட்டியைக் கவ்வுகிற மாதிரி. இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வெயில்ல ஒக்காராத கண்ணு, உள்ள போ" என்றாள். அப்புறம் போய்ச் சிதறிய கொட்டைகளைக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். கடைசிவரை யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

ஐந்து வருடம் கழித்துச் சென்னையில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்தேன். அது என்ன படிப்பு என்று வீட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை, "ஜோசியம் மாதிரியா மாப்ள?" என்று மாமா கேட்டார். சீனத் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். எடுத்தது நாலு பேர். ஒருநாள் பேராசிரியர் மென்சியஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஆள், ட்ஸோ என்ற சின்ன நாட்டில் பிறந்தவர், கன்ஃபூசியஸுக்கு நூறு வருடம் பிந்தியவர். மனிதனுக்குப் பிறவியிலேயே நல்லது உண்டு என்று வாதாடியவர். அதற்கு அவர் காட்டிய சாட்சி, கிணற்றில் விழப்போகிற குழந்தை.

நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மென்சியஸ் சொல்வது இது. ஒரு குழந்தை கிணற்றில் விழப்போவதைத் திடீரென்று பார்க்கும் எவனுக்கும் உள்ளே ஒரு பதைப்பு வரும். அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவிடம் நல்ல பேர் வாங்குவதற்காக அது வருவதில்லை. அக்கம்பக்கத்தார் மெச்சவேண்டும் என்றும் இல்லை. குழந்தை வீரிடும் சத்தம் காதுக்குப் பிடிக்காததாலும் இல்லை. காரணம் தேடுவதற்கு முன்னால் வந்துவிடுகிறது. இந்த மூன்று காரணங்களையும் அவர் ஒவ்வொன்றாகத் தள்ளும் அழகு, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் விவரமான கிழவர் பேசுவது போல இருக்கும். அந்தப் பதைப்பு ஒரு முளை என்கிறார். மொத்தம் நாலு முளை: மனம் இளகுவது, வெட்கப்படுவது, விட்டுக்கொடுப்பது, சரி தப்பு தெரிவது. பரிவும் நேர்மையும் முறைமையும் அறிவும் இவற்றிலிருந்துதான் வளர்கின்றன என்கிறார். முளை என்று அவர் சொன்னதும், கொட்டையைப் பிளந்துகொண்டு செம்பு நிறத்தில் தலைநீட்டுகிறதே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்று கவனித்தேன். அப்படிப் பார்க்கிறவன் ஓடிப்போய்த் தூக்குவான் என்று மென்சியஸ் சொல்லவே இல்லை. பதைப்பு வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. என் கதை தெரிந்து எழுதியவர் போல, சரியாக என் கால் நின்ற இடத்தில் நின்றிருக்கிறார்.

அப்போது கூடப் படித்த சென்னைப் பையன் ஒருவன் திரும்பி, "நீ தருமபுரிதானே? உங்க ஊர்ல இந்தப் பதைப்பெல்லாம் கிடையாதா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. தருமபுரி என்றால் அந்தக் காலத்தில் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பெண் சிசுக்கொலைதான் ஞாபகம் வரும். 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்திருந்தது. நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதிலும் இல்லை.

மாசியில் ஊருக்கு வந்தேன். ஆயா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நம் தெருவில் அப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கொட்டை தெறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "நடந்துச்சு. நாலாவதும் பொட்டப்புள்ள. அன்னிக்கு அந்த வூட்டுல அடுப்பு பத்தல. மூணு நாளு பத்தல. யாரும் அழுவல சாமி, ஆனா யாரும் சோறு திங்கல." மறுபடியும் புளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த எரியாத அடுப்பை வைத்துத்தான் இருபது வருடமாக இந்தச் சீனர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. த்ரீ பேஸ் கரண்ட் எங்களுக்கு ராத்திரியிலும் வரும். மோட்டார் போட்டுவிட்டுப் பாத்தி மாற்றி மாற்றித் தண்ணீர் கட்டும் இடைவெளியில் போனில் படிப்பது.

மனித இயல்பைக் குறிக்கும் சீனச் சொல்லை 'ஷிங்' என்பார்கள். எழுதும்போது மனம் என்ற குறிக்குப் பக்கத்தில் பிறப்பு என்ற குறி. நம் ஊரில் 'பொறந்த புத்தி' என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். கன்ஃபூசியஸ் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இயல்பைப் பற்றி குரு பேசிக் கேட்டதே இல்லை என்று சீடர் ஒருவரே குறைப்பட்டிருக்கிறார். பிறப்பில் மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், பழக்கம்தான் தூரத்தில் கொண்டுபோய் விடுகிறது என்று ஒரு வரி சொன்னதோடு சரி. அந்த ஒரு வரியை விரித்துத்தான் பின்னால் வந்தவர்கள் இருநூறு முந்நூறு வருடம் சண்டை போட்டார்கள்.

காவோ ஸி என்று ஒருவர் மென்சியஸோடு மோதினார். இயல்பு என்பது சோறும் காமமும்தான், அதில் நல்லது கெட்டது கிடையாது, தண்ணீருக்குக் கிழக்கே மடை திறந்தால் கிழக்கே போகும், மேற்கே திறந்தால் மேற்கே போகும் என்றார். மென்சியஸ் விடவில்லை. தண்ணீருக்குக் கிழக்கு மேற்கு இல்லைதான், மேடு பள்ளமும் இல்லையா? அது பள்ளத்துக்குத்தானே ஓடுகிறது? அடித்துத் தெறிக்கவிட்டால் நெற்றிக்கு மேலே போகும், அடைத்துத் திருப்பினால் மலைமேல்கூட ஏறும், ஆனால் அது தண்ணீரின் குணம் ஆகுமா என்று கேட்டார். அறுபது அடியிலிருந்து ஐந்து குதிரைத்திறன் மோட்டாரில் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி, அதன் கரண்ட் நேரத்துக்கு என் தூக்கத்தையும் மாற்றிக்கொண்டவன் நான். மென்சியஸ் கட்சி சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் வள்ளுவர் தண்ணீரை வேறு பக்கம் கொண்டுபோகிறார். நிலத்தின் இயல்பால் நீர் திரிந்து போவதைப் போல, சேர்ந்த இனத்தின் இயல்பால் அறிவு திரியும் என்கிறார். தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது சீனர்களின் கவலை. அது எப்படி உப்பாகிறது என்பது வள்ளுவரின் கவலை. எங்கள் போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு எது முக்கியமான கவலை என்று தெரியும்.

சரி, நல்லதுதான் இயல்பு என்றால் மூன்று நாள் அடுப்பு எரியாத அந்த வீட்டில் ஏன் அது நடந்தது? மென்சியஸ் ஒரு மலையைக் காட்டுகிறார். எருது மலை. அன்றைய சீனாவில் சீ என்ற நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருகாலத்தில் மரம் அடர்ந்த மலை. ஊர் பக்கத்தில் இருந்ததால் தினம் கோடாலி விழுந்தது. ராத்திரி ஓய்விலும் பனியிலும் மழையிலும் முளை விடாமல் இல்லை. ஆனால் விடிந்தால் ஆடுமாடு மேய்ந்துவிடும். கடைசியில் மொட்டையாய் நிற்பதைப் பார்க்கிறவர்கள், இதில் மரமே இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் கிரானைட்டுக்காகக் கேக் வெட்டுகிற மாதிரி பாதி அறுத்த மலைகளைப் பார்த்தவன், எருது மலை எவ்வளவோ தேவலை என்பான். அதற்கு ராத்திரி என்று ஒன்றாவது மிச்சம் இருந்தது.

ஷுன் ஸியை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. மனித இயல்பு கெட்டது என்று தலைப்பே வைத்து எழுதியவர். மென்சியஸ் பேரைச் சொல்லியே மறுக்கிறவர். சா நாட்டுக்காரர், கி.மு. 3ஆம் நூற்றாண்டு, சீ நாட்டின் ஜிஷியா அறிஞர் அவையில் மூன்று முறை தலைமை இடத்தில் இருந்தவர். நாடுகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்த காலத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தவர். சொத்துப் பிரிக்கும் அண்ணன் தம்பியை எடுத்துக்காட்டாக்குகிறார். இயல்பு போன போக்கில் விட்டால் அடித்துக்கொள்வார்கள் என்கிறார். இதற்குச் சீனா வரைக்கும் போக வேண்டாம், எங்கள் பக்கத்து ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

அவருடைய மையமான வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்த நாளில்தான் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. மனிதனின் இயற்கை கெட்டது. அவனிடம் இருக்கும் நல்லது செயற்கை. அவர் போட்ட இரண்டு சொற்களும் நம்மிடம் ஜோடியாகத் தயாராக இருக்கின்றன. அவர் சொல்லும் 'வெய்' என்ற சொல்லுக்கு மனிதன் செய்து செய்து உண்டாக்கியது என்று பொருள். அதே சொல்லுக்குப் போலி என்றும் பொருள் உண்டு. நம் செயற்கையும் அப்படித்தானே? செய்கையிலிருந்து பிறந்த நல்ல சொல், இன்று செயற்கைப் பூ, செயற்கைச் சிரிப்பு என்று கேவலப்பட்டுக் கிடக்கிறது. ஷுன் ஸி அந்தச் சொல்லைத் தூக்கி நிறுத்துகிறார். கோணல் மரத்தை ஆவி காட்டி அச்சில் அழுத்தினால்தான் நேராகும். மழுங்கின இரும்பைச் சாணையில் தீட்டினால்தான் கூர் வரும். குயவன் மண்ணைப் பிசைந்து பானை செய்கிறான், பானை மண்ணின் குணமா, குயவனின் வேலையா? 'கெட்டது' என்பதற்கு அவர் போட்ட சொல்லுக்கு அருவருப்பு, அழகற்றது என்ற சாயலும் உண்டு. கரடுமுரடு என்று படித்தால் எனக்கு மனது ஒப்புகிறது.

பெரியம்மாவின் கால் செயற்கை.

நாலு பிள்ளைகளை அந்தக் கிணற்றைச் சுற்றி வளர்த்தவள் அவள். இருபது வருடம் எந்த வேலையில் இருந்தாலும் கண்ணில் ஒரு பாதி கிணற்றுப் பக்கம். எத்தனை முறை ஓடியிருப்பாள், ஒன்றும் இல்லாததற்கெல்லாம். அன்றைக்கு அவள் யோசித்து ஓடவில்லை. பழகிய கால் ஓடியது. 'திக்' இரண்டு பேருக்கும் வந்திருக்கும். அந்த விஷயத்தில் நானும் அவளும் ஒன்றுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குப் பழகின கால் இல்லை. பிளஸ் டூ வரை என்னை எல்லோரும் உட்காரவைத்துப் படி படி என்றார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஷுன் ஸியிடம் எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. எங்கள் ஊரில் நடந்த அதுவும் செயற்கைதானே? சீர் இவ்வளவு, நகை இவ்வளவு, நாலு பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கொல்லை மிஞ்சாது என்ற கணக்கு யாருடைய பிறவிப் புத்தியும் இல்லை. மாமியார் சொல்லி, ஊர் சொல்லி, செய்து செய்து உண்டாக்கியது. இயற்கைதான் கெட்டது, செயற்கைதான் நல்லது என்றால் அந்த வீட்டில் மூன்று நாளும் சோறு வெந்திருக்க வேண்டும். இங்கே செயற்கைதான் கொன்றது, இயற்கைதான் பட்டினி கிடந்தது. ஷுன் ஸி கேட்டிருந்தால், அந்தக் காலத்துப் பெரியவர்கள் வகுத்த முறைமை வேறு, உங்கள் ஊர் வழக்கம் வேறு என்று சொல்லியிருப்பார். எந்த ஊர்க்காரன்தான் தன் வழக்கத்தைப் பெரியவர்கள் வகுத்ததில்லை என்று ஒத்துக்கொள்வான்? அந்த இடத்தில் கிழவர் கொஞ்சம் நழுவுகிறார் என்றே படுகிறது.

அவருடைய மாணவர்கள் கதை தனி. ஹான் ஃபெய், லீ ஸி இரண்டு பேரும் அவரிடம் படித்தவர்கள். ஹான் ஃபெய் குருவையும் தாண்டிப் போனவர். வண்டி செய்கிறவன் எல்லோரும் பணக்காரனாக வேண்டும் என்று நினைக்கிறான், சவப்பெட்டி செய்கிறவன் எல்லோரும் சாகவேண்டும் என்று நினைக்கிறான். முன்னவன் நல்லவன், பின்னவன் கொடியவன் என்று அர்த்தமில்லை, அவரவர் லாபம் இருக்கிற இடம் அது என்கிறார். ஜூன் மாதத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை விழும்போது பேக்டரியையும் ஏஜெண்டையும் திட்டுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். திட்டுவது நிற்காது, ஆனால் திட்டில் ஒரு தெளிவு வரும். பரிசு, தண்டனை என்ற இரண்டு கைப்பிடி போதும் ஆட்சிக்கு என்று எழுதிய அந்த மனிதர், கி.மு. 233இல் சின் நாட்டுச் சிறையில் செத்தார். கூடப் படித்த லீ ஸிதான் அதற்குக் காரணம் என்று பழைய வரலாறு சொல்கிறது. லீ ஸி சீனாவின் முதல் பேரரசரின் அமைச்சராகி, கி.மு. 208இல் அவரும் கொல்லப்பட்டார்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் படித்தவரை மென்சியஸ் உவமைகளில் வாற்கோதுமை உண்டு, வில்லோ மரம் உண்டு; ஷுன் ஸியிடம் மரப்பலகையும் மண்ணும் இரும்பும் உண்டு. ஒட்டுக்கட்டுவது மட்டும் இரண்டு பேரிடமும் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் சண்டை வேறு மாதிரி போயிருக்கும்.

மாங்கொட்டையைப் போட்டால் தாய் மரம் மாதிரி காய்க்காது. மல்கோவா சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைப் புதைத்து, எட்டு வருடம் கழித்துப் புளிப்புக் காயைக் கடித்தவர்கள் நிறைய பேர். அதனால் கொட்டை முளைத்துப் பத்துப் பதினைந்து நாளில், இலை இன்னும் செம்பு நிறம் மாறாதபோதே, தண்டைக் குறுக்கே வெட்டி நடுவில் ஒரு கீறல் போடுவோம். செந்தூராவோ அல்போன்சாவோ, வேண்டிய மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி அந்தக் கீறலில் இறக்குவோம். பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சேரவேண்டும். பாலிதீன் பட்டையால் சுற்றிக் கட்டி, சேமியா ஐஸ் கவர் மாதிரி ஒரு நீளக் கவரைக் கவிழ்த்துவிடுவோம். மூன்று வாரத்தில் துளிர் வரும், அல்லது குச்சி கருத்துவிடும். நன்றாகக் கை பழகிய அக்காக்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் கட்டுவார்கள். நான் கட்டினால் பாதி போய்விடும்.

இதில் எது இயற்கை, எது செயற்கை? அடியில் உயிர் இல்லாவிட்டால் ஒட்டு பிடிக்காது. காய்ந்த கட்டையில் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் வீண். அது மென்சியஸ் பக்கம். கட்டாமல் விட்டால் நாட்டுக்காய்தான். அது ஷுன் ஸி பக்கம். வேலை அதோடு முடிகிறதா? ஒட்டுக்குக் கீழே அடிச்செடி தன் துளிரை விட்டுக்கொண்டே இருக்கும். கிள்ளினால் இன்னொரு பக்கம் விடும். அதைக் கிள்ளாமல் விட்டால் மேலே இருக்கிற செந்தூராவைப் பட்டினி போட்டுத் தான் மரமாகிவிடும். நாலு வருடம் கழித்து ஒருவர் வண்டி வைத்துக்கொண்டு வந்து, "செந்தூரான்னு சொல்லிப் புளிமாங்கா குடுத்துட்ட, நீ மனுசனா?" என்று நர்சரி வாசலில் நின்று கத்தினார். போய்ப் பார்த்தேன். ஒட்டு எப்போதோ காய்ந்து, அதன் முண்டு மட்டும் அடியில் கரும்புள்ளியாக நிற்கிறது. அடித்துளிர்தான் மரமாகிக் காய்த்திருக்கிறது. அவருக்கு அதைக் காட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை. சாகும்வரை முறைமையைப் பழகிக்கொண்டே இரு என்று ஷுன் ஸி ஏன் அலுக்காமல் சொல்கிறார் என்பது எனக்கு அந்த மரத்தடியில்தான் புரிந்தது.

மென்சியஸ் இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியிருக்கிறார். சோங் நாட்டு விவசாயி ஒருவன் பயிர் வளரவில்லையே என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டு, "இன்னிக்கு ஒரே அலுப்பு, பயிருக்கு வளர ஒத்தாசை பண்ணிட்டு வந்தேன்" என்று வீட்டில் சொன்னானாம். மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் வாடிக் கிடக்கிறது. என் மகள் ஐந்து வயதில் இதையேதான் செய்தாள். ஒட்டு பிடித்திருக்கிறதா என்று ஒரு வரிசை முழுக்க ஆட்டி ஆட்டிப் பார்த்துவைத்தாள். பிடித்திருந்ததும் போயிற்று.

மண்ணைப் பற்றியும் மென்சியஸ் பேசுகிறார். ஒரே விதையை ஒரே நாளில் விதைத்தாலும் விளைச்சல் ஏறி இறங்குவதற்குக் காரணம் மண்ணும் மழையும் ஆள் உழைப்பும்தான், விதை இல்லை என்கிறார். எங்கள் அதியமான் தகடூரில் இருந்த ஔவையோ மண்ணையே மாற்றிப்போடுகிறாள். நிலமே, நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமாக இரு, மேடாக இரு. எங்கே ஆண்கள் நல்லவர்களோ அங்கே நீ நல்லாய் என்கிறாள், புறநானூற்றில். செடி வாங்க வருகிறவர்கள், "எங்க மண்ணுக்கு எது வரும்?" என்று கேட்பார்கள். "யாரு தண்ணி விடப்போறா?" என்று நான் திருப்பிக் கேட்பது ஔவையிடம் படித்த வியாபாரம்.

அதே மகள்தான் இன்னொன்றும் செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஆடிப் பண்டிகைக்காகக் கடா ஒன்று வளர்த்தோம். கருப்பன் என்று பேர் வைத்து, அகத்திக்கீரை ஊட்டி வளர்த்தாள். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது விஷயம் புரிந்து, கடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சரி என்று ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குக் கருப்பனை ஓட்டிப்போய் விற்றுவிட்டு, முகம் தெரியாத ஒரு கடாவை வாங்கி வந்தேன். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியதில் கொஞ்சம் காசும் மிஞ்சியது. "பெரிய கடாவ வித்து சின்னதுல பண்டிகைய முடிச்சிட்டான்" என்று பங்காளிகள் ஒரு வருடம் பேசினார்கள். அன்றைக்கு மகள் குழம்பில் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சீ நாட்டு மன்னர் ஷுவானுக்கும் இதுதான் நடந்தது. அடிக்கிற மணியின்மேல் சடங்காக ரத்தம் பூச ஓட்டிப்போன எருது நடுங்குவதைப் பார்த்து, அதை விட்டுவிடுங்கள், ஆட்டை வையுங்கள் என்றார். மன்னன் கஞ்சன் என்று ஊர் பேசியது. மென்சியஸ் அவரிடம் போய், நீங்கள் கண்டது எருதை, காணாதது ஆட்டை, அதுதான் விஷயம் என்றார். கேலி செய்யவில்லை. இந்த மனசு போதும், இதை மக்கள் பக்கமும் நீட்டுங்கள் என்று பிடித்துக்கொண்டார். அதனால்தான் பெரிய மனிதன் அடுக்களையிலிருந்து தள்ளி இருக்கிறான் என்றும் அங்கே ஒரு வரி வருகிறது. மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அதான் நீங்க இந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள்.

கிணற்றடிக்கு வருகிறேன். இப்போது மூன்று பக்கம் சுவர் எழுப்பியாகிவிட்டது. மோட்டார் இறக்க வசதியாக ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். பையன் நேராக அந்தப் பக்கம் போய், விளிம்பில் ஒரு காலை வைத்து, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தான். எனக்கு அதே இடத்தில், அதே மாதிரி, 'திக்'. கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. வாய் மட்டும், "பாத்துடா" என்றது.

"நீச்சல் தெரியும் சித்தப்பா" என்றான். "ஆயாதான் கத்துக்குடுத்துச்சு, இதே கெணத்துல." அவனுக்கு ஆயா என்றால் என் பெரியம்மா.

அப்புறம் வந்த விஷயத்துக்கு வந்தான். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு ஒட்டுச்செடி கொடுக்க வேண்டுமாம். முந்நூறு வேண்டும், எல்லாம் செந்தூராவாக வேண்டும், வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறானாம். என்னிடம் இருநூறுதான் தேறும். மீதியைப் பக்கத்து நர்சரியில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.